ஒட்டு மாமரமும் நிறம் மாறிய கிளையும்: ஊடுபால் உடலில் மொசைக், கைமெரா

"ஒரே உடம்புக்குள் இரண்டு பேர்." "உடம்பில் பாதி ஆண், பாதி பெண்." கைமெரா என்ற சொல் எங்கே வந்தாலும் இந்த இரண்டு வாக்கியங்களும் கூடவே வந்துவிடுகின்றன. மொசைக் என்ற சொல்லையும் அதே அர்த்தத்தில் கலந்துகட்டிப் பேசுகிறார்கள். ஊடுபால் மனிதர்கள் எல்லோருமே இப்படித்தான் உருவாகிறார்கள் என்று நம்புகிறவர்களும் நிறைய. மூன்றுமே தவறு. வெறும் அரட்டையோடு போனால் பரவாயில்லை. பிறந்து பத்து நாளான குழந்தையின் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் செல்போனில் தேடும்போது அவர் கண்ணில் முதலில் படுவது இந்தப் பேச்சுத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊடுபால் என்ற சொல். குரோமோசோம், உள்ளே இருக்கும் இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன், வெளியே தெரியும் உறுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, ஆண் உடல் அல்லது பெண் உடல் என்று நாம் வழக்கமாக வைத்திருக்கும் வரையறைக்குள் அடங்காமல் பிறப்பதுதான் ஊடுபால். இடைப்பாலினம் என்றும் சொல்கிறார்கள். இது உடலமைப்பைப் பற்றிய சொல். திருநங்கை, திருநம்பி என்பவை ஒருவர் தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பதைப் பற்றியவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தோட்டத்தில் இரண்டு செடிகள்

ஒட்டு மாங்கன்று பார்த்திருப்பீர்கள். அடியில் நாட்டு மாவின் வேர், மேலே மல்கோவாவோ பங்கனப்பள்ளியோ. வெவ்வேறு மரங்களாக இருந்த இரண்டு உயிர்கள் சேர்ந்து ஒரே மரமாக நிற்கின்றன. வேரில் இருக்கும் மரபணுத் தகவல் வேறு, கிளையில் இருப்பது வேறு.

இன்னொன்று, வாசலில் நிற்கும் காகிதப்பூச் செடி. செடி முழுக்க ரோஸ் நிறம். திடீரென்று ஒரு கிளை மட்டும் வெள்ளையாகப் பூக்கும். அதை யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை. அது ஒரே செடிதான். வளரும் நுனியில் ஏதோ ஒரு செல்லில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அந்தச் செல்லிலிருந்து வந்த கிளை முழுவதும் அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு வளர்ந்திருக்கிறது.

ஒட்டு மாங்கன்று மாதிரியானது கைமெரா: இரண்டு தொடக்கங்கள், ஒரே உடல். காகிதப்பூ மாதிரியானது மொசைக்: ஒரே தொடக்கம், வழியில் ஒரு மாற்றம். மாமரத்தில் ஒட்டுப் போட்ட இடம் தெளிவாகத் தெரியும். மனித உடலில் அப்படிக் கோடு கிழிக்க முடியாது. அரிசியில் உளுந்து கலந்த மாதிரி செல்கள் கலந்தே கிடக்கும். ஓரிடத்தில் உளுந்து அதிகம், இன்னோரிடத்தில் ஒன்றிரண்டு, வேறோரிடத்தில் ஒன்றுமே இல்லை. இந்தக் கலப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை இதுதான் நமக்குத் தேவைப்படும்.

ரிப்போர்ட்டில் இருக்கும் சாய்கோடு

நம் ஒவ்வொரு செல்லிலும் மரபுத் தகவல் குரோமோசோம் என்ற நூற்கண்டுகளில் சுற்றிவைக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 46. இந்த எண்ணிக்கையே 1956ல்தான் சரியாகக் கண்டறியப்பட்டது. 46ல் இரண்டுக்குப் பால் குரோமோசோம் என்று பெயர். பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு எக்ஸ், பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். இதை 46,எக்ஸ்எக்ஸ் என்றும் 46,எக்ஸ்ஒய் என்றும் எழுதுவார்கள்.

சில ரிப்போர்ட்டுகளில் 45,எக்ஸ் / 46,எக்ஸ்ஒய் என்று நடுவே சாய்கோடு இருக்கும். இந்த உடலில் இரண்டு வகைச் செல்கள் கிடைத்தன என்பது அதன் பொருள். அவை எப்படி வந்தன என்பதற்குப் பின்னால் இருக்கும் கதையைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

மொசைக்: பஸ்ஸைத் தவறவிட்ட குரோமோசோம்

எல்லோரும் ஒரே ஒரு கருவுற்ற முட்டையாகத்தான் தொடங்குகிறோம். அது இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்கில் பெருகுகிறது. ஒவ்வொரு முறையும், பிரிவதற்கு முன் செல் தன் 46 குரோமோசோம்களையும் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நகலை இந்தப் பக்கமும் ஒரு நகலை அந்தப் பக்கமும் அனுப்ப வேண்டும். இத்தனை கோடி முறை இந்த வேலை நடக்கும்போது எப்போதாவது பிசகுவதில் ஆச்சரியம் இல்லை. பிசகு பெரும்பாலும் இரண்டு விதம்.

முதல் விதத்தில் ஒரு குரோமோசோம் பின்தங்கிவிடும். மற்ற எல்லாம் ஏறிக்கொண்டன, பஸ் கிளம்பிவிட்டது, ஒய் மட்டும் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல்லில் 46,எக்ஸ்ஒய் இருக்கும்; அடுத்த செல்லில் வெறும் 45,எக்ஸ். இரண்டும் தொடர்ந்து பெருகும். விளைவு 45,எக்ஸ் / 46,எக்ஸ்ஒய் மொசைக். ஊடுபால் நிலைகளில் அதிகம் பேசப்படும் மொசைக் இதுதான்.

இரண்டாவது விதத்தில் பிரிய வேண்டிய இரண்டு நகல்களும் ஒட்டிக்கொண்டே ஒரே பக்கம் போய்விடும். ஒய்யின் இரண்டு நகலும் ஒரு செல்லுக்குப் போனால் அது 47,எக்ஸ்ஒய்ஒய் ஆகும், மறுபக்கம் 45,எக்ஸ் ஆகும். முதல் பிரிவிலேயே அல்லாமல் கொஞ்சம் தாமதித்து இது நடந்தால், பழைய 46,எக்ஸ்ஒய் செல்களும் கூடவே இருக்கும். மூன்று வகைச் செல்கள் வரும். எக்ஸ் இல்லாமல் ஒய் மட்டும் உள்ள செல்லை எந்த ரிப்போர்ட்டிலும் பார்க்க முடியாது. எக்ஸில் உயிர்வாழ அத்தியாவசியமான மரபணுக்கள் இருக்கின்றன. அது இல்லாத செல் செத்துவிடும்.

பிசகு எப்போது நடந்தது என்பதும் முக்கியம். முதல் சில பிரிவுகளில் நடந்தால் உடல் முழுக்கப் பரவும். தாமதமாக நடந்தால் ஏதோ ஒரு திசுவோடு நின்றுவிடும். வயதான ஆண்கள் பலரின் ரத்த செல்களில் ஒரு பகுதி ஒய் குரோமோசோமை இழந்திருப்பது இன்று நன்றாகத் தெரிந்த விஷயம். அவர்களும் கணக்குப்படி மொசைக்தான். தாத்தாக்களை யாரும் அதிசயப் பிறவி என்று சொல்வதில்லை.

இதுவரை பார்த்தது: மொசைக்கில் முட்டையும் ஒன்று, விந்தணுவும் ஒன்று. செல் பிரியும்போது நடந்த பிசகால் இரண்டு வகைச் செல்கள் உண்டாகின்றன. "இரண்டாவது ஆள்" என்று அங்கே யாரும் இல்லை.

கைமெரா: இரண்டு கருக்கள் சேரும்போது

இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்திருக்க வேண்டிய இரண்டு கருக்கள், சில நாள் வயதில், தனித்தனி உறுப்பு எதுவும் உருவாகாத வெறும் செல் உருண்டைகளாக இருக்கும்போதே ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டால் ஒரே குழந்தையாக வளரும். இதுதான் கைமெரா. இரண்டு முட்டை, இரண்டு விந்தணு, ஒரே உடல். இரண்டு கருவும் எக்ஸ்எக்ஸாகவோ, இரண்டும் எக்ஸ்ஒய்யாகவோ இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியப்போவதே இல்லை. ஒன்று எக்ஸ்எக்ஸ், மற்றது எக்ஸ்ஒய் என்றால் மட்டும் பால் வளர்ச்சியில் தெரிய வாய்ப்பு உண்டு, அதுவும் வாய்ப்புத்தான்.

இப்படி ஒரு குழந்தை அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து 1962ல் மருத்துவ ஆய்வாக வெளிவந்தது. குழந்தையின் இரண்டு கண்களும் வெவ்வேறு நிறம். சினைப்பைத் திசுவும் விரைத் திசுவும் கலந்த சுரப்பி உள்ளே இருந்தது. இரண்டு கருவுறுதல்கள் சேர்ந்த உடல் என்பதை ரத்த வகைகளையும் குரோமோசோம்களையும் வைத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

1998ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. சோதனைக்குழாய் முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களைக் கருப்பையில் வைத்து, பிறந்தது ஓர் ஆண் குழந்தை. ஒரு பக்க விரை கீழே இறங்கவில்லை என்று பார்த்தபோது அந்தப் பக்கத்தில் இருந்தது சினைப்பையும் கருக்குழாயும். செல்களைச் சோதித்ததில் வைக்கப்பட்ட கருக்களில் இரண்டு உள்ளே ஒன்று சேர்ந்திருந்தது தெரியவந்தது.

வழி இது ஒன்றுதான் என்றும் இல்லை. 2007ல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் விஷயத்தில் முட்டை ஒன்று, விந்தணு இரண்டு. இருவருமே கைமெராக்கள். இரண்டு பேர் உடலிலும் எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் செல்கள் இருந்தன. ஒரு குழந்தை ஊடுபால் உடலோடு பிறந்தது, மற்றது வழக்கமான ஆண் உடலோடு. ஒரே கலவையிலிருந்து வந்த இருவருக்கு எப்படி இரண்டு விளைவு? கொஞ்சம் பொறுங்கள், அங்கேதான் போகிறோம்.

மாட்டுத் தொழுவத்திலிருந்து ஒரு எச்சரிக்கை

பசு ஒரே ஈற்றில் காளைக்கன்றும் கிடாரியும் போட்டால் அந்தக் கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது. இதற்கான காரணத்தை 1910களில் ஃபிராங்க் லில்லி என்ற அமெரிக்க விலங்கியலாளர் விளக்கினார்: இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் கருப்பையிலேயே இணைந்துவிடுகின்றன, காளைக்கன்றின் ஹார்மோன் கிடாரிக்குள் பாய்கிறது. ரத்தம் பாய்வதால் ரத்த செல்களும் இடம் மாறுகின்றன. இப்படிப்பட்ட இரட்டைக் கன்றுகளின் உடலில் இரண்டு வகை ரத்தமும் கலந்திருப்பதை 1945ல் ரே ஓவன் கண்டுபிடித்தார்.

மனித இரட்டையரிலும் ரத்தம் இப்படிக் கலப்பது உண்டு. ஆனால் மாட்டில் நடப்பதுபோல் பெண் குழந்தையின் பால் வளர்ச்சி பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. ரத்தத்தில் மட்டும் கைமெரா. சினைப்பை, கருப்பை எல்லாம் வழக்கம்போல. சகோதரனிடமிருந்து எலும்பு மஜ்ஜை பெற்ற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவர் ரத்தத்தைச் சோதித்தால் எக்ஸ்ஒய் என்று வரும். அதனால் அவர் உடலில் வேறெதுவும் மாறிவிடவில்லை. ரத்தம் சொல்வதை மட்டும் வைத்து முழு உடலையும் படிக்கக் கூடாது.

ஒரே ரிப்போர்ட், இரண்டு கதைகள்

46,எக்ஸ்எக்ஸ் / 46,எக்ஸ்ஒய் என்று பார்த்தவுடன் கைமெரா என்று முடிவு கட்டுவது வழக்கம். பல சமயம் சரியாகவும் இருக்கும். ஆனால் மொசைக்காகவும் இருக்கலாம். தொடக்கத்தில் கரு 47,எக்ஸ்எக்ஸ்ஒய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லில் ஒய் விட்டுப்போனால் அது 46,எக்ஸ்எக்ஸ். இன்னொரு செல்லில் ஓர் எக்ஸ் விட்டுப்போனால் அது 46,எக்ஸ்ஒய். ஒரே முட்டையிலிருந்து வந்தும் ரிப்போர்ட் அச்சாக அப்படியேதான் இருக்கும்.

பிரித்தறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. டிஎன்ஏவில் சில இடங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். சாதாரணமாக ஓர் இடத்துக்கு ஒருவரிடம் அதிகபட்சம் இரண்டு வடிவங்கள் இருக்கும்: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. மொசைக் உடலிலும் பெரும்பாலும் அவ்வளவுதான். இரண்டு கருக்கள் சேர்ந்த கைமெராவில் சில இடங்களில் மூன்று, ஏன் நான்கு வடிவங்கள்கூடக் கிடைக்கும். பெற்றோரின் டிஎன்ஏவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெளிவாகிவிடும்.

நெதர்லாந்தின் ஓட்ட வீராங்கனை ஃபூக்யே டில்லெமாவின் கதை இங்கே வருகிறது. 1950ல் 200 மீட்டரில் தேசிய சாதனை படைத்தவர். அதே ஆண்டு பால் சோதனை விவகாரத்தில் அவருக்கு ஆயுள்காலத் தடை விதித்து, சாதனையையும் அழித்தார்கள். 2007ல் அவர் இறந்த பிறகு, அவருடைய உடைகளில் ஒட்டியிருந்த செல்களை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். எக்ஸ்எக்ஸ் செல்களும் எக்ஸ்ஒய் செல்களும் கலந்திருந்தன. எக்ஸ்எக்ஸ்ஒய் கருவில் ஆரம்பித்த மொசைக்காக இருக்கலாம் என்பது 2012ல் வெளியான அந்த ஆய்வின் பார்வை. வாழ்நாள் முழுக்கப் பெண்ணாக வாழ்ந்த ஒருவருக்கு இந்த விளக்கம் கிடைக்க 62 ஆண்டுகள் ஆயின. அதைக் கேட்க அவர் இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

ஆறாவது வாரம்

சரி, விஷயத்தின் மையத்துக்கு வருவோம். இரண்டு வகைச் செல்கள் இருப்பது எப்போது ஊடுபால் உடலாக வெளிப்படுகிறது, எப்போது வெளிப்படுவதே இல்லை?

கருவுற்று சுமார் ஆறு வாரம் வரை எல்லோருடைய இனப்பெருக்கச் சுரப்பியும் ஒரே மாதிரி. விரையாகவும் ஆகலாம், சினைப்பையாகவும் ஆகலாம். ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு இருக்கிறது. 1990ல் லண்டனில் அடையாளம் கண்டார்கள். ஆறாவது வாரம் வாக்கில் சில நாள்கள் மட்டும் அது வேலை செய்யும். வேலை செய்தால் அந்தச் சுரப்பி விரையாகும் பாதையில் திரும்பும். இல்லாவிட்டால் சினைப்பைப் பாதையில் போகும். எஸ்ஆர்ஒய் உடல் முழுக்க வேலை செய்வதில்லை. கண்ணில், தோலில், கல்லீரலில் எக்ஸ்ஒய் செல் இருந்து என்ன பயன்? அந்தக் குறிப்பிட்ட நாள்களில் அந்தச் சிறு சுரப்பிக்குள் எத்தனை எக்ஸ்ஒய் செல்கள் வந்து சேர்ந்திருந்தன என்பதுதான் கேள்வி.

அரிசியும் உளுந்தும் நினைவிருக்கிறதா? மூட்டையில் மொத்தமாக எவ்வளவு உளுந்து என்பது முக்கியமில்லை. இரண்டு சின்னக் கிண்ணங்களில் அள்ளியபோது ஒவ்வொன்றிலும் எவ்வளவு விழுந்தது என்பதே முக்கியம். இடது கிண்ணம், வலது கிண்ணம். அது ஏறக்குறைய தற்செயல்.

கூடவே இன்னொன்று. கிண்ணத்தில் எக்ஸ்ஒய் செல்கள் ஓரளவுக்கு மேல் இருந்துவிட்டால் அவை பக்கத்துச் செல்களுக்கும் சைகை அனுப்பித் தங்களோடு இழுத்துக்கொள்கின்றன. சுரப்பி முழுதுமே விரையாகிவிடுகிறது. 1960களில் இரண்டு எலிக் கருக்களை ஒட்டிக் கைமெரா எலிகளை உருவாக்கியபோது, எக்ஸ்எக்ஸும் எக்ஸ்ஒய்யும் கலந்த எலிகளில் பெரும்பாலானவை வழக்கமான ஆண் எலிகளாகவே வளர்ந்தன. இரண்டும் கெட்டான் நிலையில் நின்றவை கொஞ்சம்தான். மனிதர்களிலும் எக்ஸ்எக்ஸ் / எக்ஸ்ஒய் கைமெராக்கள் பலர் வழக்கமான ஆண் உடலோடோ பெண் உடலோடோ வாழ்ந்து, வேறெதற்கோ எடுத்த சோதனையில் தற்செயலாகத் தெரியவருகிறார்கள். அந்த இரட்டைக் குழந்தைகளில் ஒன்று ஊடுபாலாகவும் மற்றது ஆணாகவும் வளர்ந்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

45,எக்ஸ் / 46,எக்ஸ்ஒய் மொசைக்கிலும் இதே கதை. ஒரு காலத்தில் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து, இந்த ரிப்போர்ட் என்றாலே ஊடுபால் உடல்தான் என்று நினைத்தார்கள். அப்புறம், கர்ப்பத்தின்போதே வேறு காரணத்துக்காகப் பனிக்குட நீரைச் சோதித்துக் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வழக்கமான ஆண் குழந்தையாகவே பிறந்திருந்தார்கள். பிரச்சினை இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லாம் பிரச்சினையாகத்தான் தெரியும்.

சுருக்கமாக: இரண்டு வகைச் செல்கள் இருப்பது ஒரு சாத்தியத்தை மட்டுமே தருகிறது. ஆறாவது, ஏழாவது வாரத்தில் சுரப்பிக்குள் எந்தச் செல்கள் எந்த அளவில் இருந்தன என்பதே முடிவைத் தருகிறது.

அர்த்தநாரீஸ்வரர் போலவா?

திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கும் மாதொருபாகனைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு, பாதிக்குப் பாதி என்ற உருவம் மனத்தில் எளிதாக வந்துவிடுகிறது. வண்ணத்துப்பூச்சிகளிலும் சில பறவைகளிலும் அப்படி நடக்கவும் நடக்கிறது: ஒரு பக்கம் ஆண் நிறம், மறுபக்கம் பெண் நிறம். அவற்றில் ஒவ்வொரு செல்லும் தன் பாலைப் பெருமளவு தானே தீர்மானித்துக்கொள்கிறது.

மனித உடல் அப்படி வேலை செய்வதில்லை. சுரப்பி முடிவானதும் அது ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. ரத்தம் இடது வலது பார்ப்பதில்லை. அதனால் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் மீசை, மறுபக்கம் இல்லை என்ற கதையெல்லாம் நடக்காது.

ஆனால் உடலுக்குள்ளே ஓரிடத்தில் மட்டும் இடது வலது வேறுபாடு உண்மையாகவே வரும். எல்லாக் கருவிலும் தொடக்கத்தில் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கும். ஒரு ஜோடி கருக்குழாயும் கருப்பையும் ஆகக்கூடியது. மற்றது விந்துப் பாதை ஆகக்கூடியது. விரையிலிருந்து வரும் ஏஎம்எச் என்ற ஹார்மோன் முதல் ஜோடியைக் கரைக்கிறது. கருத்தரிப்பு மையங்களில் பெண்களுக்குப் பார்க்கிறார்களே, அதே ஏஎம்எச்தான். விரையின் இன்னொரு ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இரண்டாவது ஜோடியைக் காப்பாற்றுகிறது. இந்தக் குழாய்களைப் பொறுத்தவரை, இரண்டு ஹார்மோன்களும் பெரும்பாலும் தம் பக்கத்துக் குழாயோடு நின்றுவிடுகின்றன. பிரான்சின் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1940களில் முயல் கருக்களில் செய்த சோதனைகளில் இதைக் காட்டினார். இடது கிண்ணத்தில் சினைப்பையும் வலது கிண்ணத்தில் விரையும் அமைந்த குழந்தைக்கு இடது பக்கத்தில் மட்டும் கருக்குழாய் இருப்பது இதனால்தான். எடின்பரோ குழந்தையின் உடலில் இருந்ததும் இதுவே.

எல்லா ஊடுபாலும் இதுதானா?

இல்லை. பெரும்பாலான ஊடுபால் மனிதர்களின் உடலில் ஒரே வகைக் குரோமோசோம் அமைப்புத்தான் இருக்கிறது. அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி குறைவதால் வரும் நிலை, ஆண் ஹார்மோனை உடல் உணராத நிலை என்று காரணங்கள் பல. சினைப்பைத் திசுவும் விரைத் திசுவும் சேர்ந்து இருக்கும் நிலையில்கூட, பாதிக்கும் மேற்பட்டவர்களின் ரிப்போர்ட் வெறும் 46,எக்ஸ்எக்ஸ் என்றுதான் வருகிறது. கைமெராவும் மொசைக்கும் அங்கேயும் சிறுபான்மைதான்.

ரிப்போர்ட் கையில் இருக்கும்போது

குரோமோசோம் சோதனை என்பது வழக்கமாக ரத்தத்தில் சில பத்துச் செல்களை எண்ணிப் பார்ப்பது. குறைவாக இருக்கும் இரண்டாவது வகை கண்ணில் படாமலே போகலாம். ரத்தத்தில் இருக்கும் விகிதத்தை வைத்துச் சுரப்பியில் இருக்கும் விகிதத்தையும் ஊகிக்க முடியாது. 45,எக்ஸ் செல்கள் 70 சதவீதம் என்று வந்தால் உடலும் 70 சதவீதம் பெண் என்று பொருள் இல்லை; அப்படி ஒரு கணக்கே கிடையாது. அந்தக் குழந்தை நாளைக்குத் தன்னை ஆணாக உணருமா, பெண்ணாக உணருமா என்பதையும் எந்தச் சாய்கோடும் சொல்லாது.

அதனால்தான் அவசர அறுவை சிகிச்சை தவறு என்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் இதைச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஊடுபால் குழந்தைகளுக்குப் பால் திருத்த அறுவை சிகிச்சை செய்வதைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு. இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் நம்முடையது.

மருத்துவக் கண்காணிப்பே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒய் குரோமோசோம் உள்ள செல்கள் இருந்து, சுரப்பி முழுமையாக உருவாகாமல் நின்றுபோயிருந்தால் அதில் கட்டி வரும் ஆபத்து சில நிலைகளில் கூடுதல். எந்த நிலையில், எந்த வயதில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. எந்தத் திசுவில் சோதித்தீர்கள்? எத்தனை செல்கள் எண்ணினீர்கள்? இது மொசைக்கா கைமெராவா என்று டிஎன்ஏவில் பார்த்தீர்களா? சுரப்பி எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது? இப்போதே செய்தாக வேண்டியது எது, குழந்தை வளர்ந்து தானே முடிவெடுக்கும் வரை காத்திருக்கக்கூடியது எது?